வீட்டோடு ஒரு கராஜ்: கொம்பிரசர் வாங்குமுன் நாம் கேட்கவேண்டியவை

குடாநாட்டின் ஒழுங்கைகளில் இன்று வீட்டோடு சேர்ந்த சிறு கராஜ்கள் பல இயங்கி வருகின்றன. வேலியோரமாக நான்கு தகரம் போட்ட ஒரு கொட்டில், கழற்றிய ரயர்கள், ஒரு பெட்டி சாவிகள். இத்தனையும் இருந்தாலும் "கராஜ்" என்று ஊரார் சொல்லத் தொடங்குவது காற்று அடிக்கும் கொம்பிரசர் வந்த பின்புதான். தொழில் தொடங்கும் குடும்பம் வாங்கும் முதலாவது பெரிய பொருளும் பெரும்பாலும் அதுவே.

அந்தப் பொருளைத் தெரிவு செய்வது ஆண்களின் காரியம் என்றே நாம் ஒதுங்கி நிற்கிறோம். ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் மனைவியின் சங்கிலியோ தாயின் காப்போ அடகு கடைக்குப் போகிறது. இல்லையேல் பெண்ணின் பெயரில் ஒரு குழுக் கடன் எடுக்கப்படுகிறது. வாரந்தோறும் தவணை கேட்டு வருபவர் படலையில் நின்று கூப்பிடுவதும் அந்தப் பெண்ணைத்தான். பணத்துக்குப் பொறுப்பு நாம் என்றால், பொருளைப் பற்றி அறிந்துகொள்வதும் எமது பொறுப்பே. கணவர் அல்லது மகன் நடத்தும் கராஜானாலும், தொழில் பழகிய பெண் தானே நடத்தும் கராஜானாலும் இது பொருந்தும்.

சைக்கிள் பம்பிலிருந்து கொம்பிரசர் வரை

காற்று நிரப்பிய ரயரின் வரலாறே ஒரு வீட்டில் தொடங்கியதுதான். அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் மூன்று சில்லு வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காகச் செய்த காற்று ரயருக்கு 1888ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

எங்கள் மண்ணில் 1990இன் பின் மின்சாரம் இல்லாமலும் பெற்றோல் கிடைக்காமலும் கழிந்த ஆண்டுகளில் சைக்கிளே குடும்ப வாகனமாக இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்நாளில் ஒரு கைப்பம்பும் ஒட்டுப் போடும் சாமான்களும் ஒரு கடை நடத்தப் போதுமாயிருந்தன. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது வாகனங்கள் வரத் தொடங்கின. 2006 ஓகஸ்ற்றில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009இன் பின் நிலைமை முற்றாக மாறியது. பெண்கள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போவது வழக்கமாயிற்று.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மூலையில் கிடந்த சைக்கிள்களும் வெளியே வந்தன. ஆகவே வீட்டுக் கராஜுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு எந்த அளவு இயந்திரம் போதும் என்பதே கேள்வி.

என்ன வேலை செய்யப் போகிறோம்?

கொம்பிரசரில் மூன்று பகுதிகள் உண்டு. மோட்டர் சுழற்றுகிறது. பம்ப் வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. தாங்கி அந்தக் காற்றைச் சேமித்து வைக்கிறது. கடையில் நம் கண்ணில் படுவது தாங்கியின் பருமனும், மோட்டரில் எழுதியிருக்கும் குதிரைவலுவும்தான். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது பம்ப் ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றைத் தருகிறது என்பதே. கிணற்றோடு ஒப்பிட்டால் விளங்கும். தாங்கி என்பது தொட்டி, பம்ப் என்பது ஊற்று. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் ஊற்றுச் சிறிதென்றால் தோட்டம் முழுவதும் இறைக்க முடியாது.

முதலில் காற்று அடிக்கும் வேலையைப் பார்ப்போம். 24 லீற்றர் தாங்கி உள்ள சிறிய இயந்திரம் 8 பார் வரை, அதாவது கராஜ்காரர் கணக்கில் ஏறக்குறைய 116 இறாத்தல் வரை நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 3 பாருக்கு இறங்கும்வரை நாம் எடுக்கக்கூடிய காற்று 24ஐ 5ஆல் பெருக்க வரும் 120 லீற்றர். வெறுமையான ஒரு ஸ்கூட்டி ரயரை 2 பாருக்கு நிரப்ப ஏறக்குறைய 12 லீற்றர் போதும். ஆகவே மோட்டர் மீண்டும் ஓடாமலே பத்து ஸ்கூட்டி ரயர்களை நிரப்பலாம். சைக்கிள் ரயருக்கு இதில் பாதிதான் செல்லும். வெறுமையான கார் ரயருக்கோ 65 லீற்றருக்கு மேல் வேண்டும். சைக்கிள், ஸ்கூட்டி, முச்சக்கர வண்டி ஆகியவற்றுக்குக் காற்று அடித்து, பஞ்சர் ஒட்டி, காற்று வடிகட்டியின் செம்மண் தூசியை ஊதித் துப்புரவாக்கும் கராஜுக்கு இந்தச் சிறிய இயந்திரமே போதும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது.

அடுத்தது, காற்றில் இயங்கும் சாவியால் நட்டுக் கழற்றும் வேலை. இதற்கு நிமிடத்துக்கு 110 முதல் 140 லீற்றர் வரை காற்று வேண்டும். எனினும் சாவி ஒரு தடவையில் சில வினாடிகளே ஓடும். எனவே 2 குதிரைவலுவும் 50 லீற்றர் தாங்கியும் இருந்தால் சமாளிக்கலாம்.

மூன்றாவது, ஸ்பிறே பெயின்ற் அடிக்கும் வேலை. இங்கேதான் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது. ஸ்பிறே கண் நிமிடத்துக்கு 170 முதல் 340 லீற்றர் வரை இடைவிடாது கேட்கும். நல்ல பெல்ற் இயந்திரம்கூட ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்தில் 85 முதல் 110 லீற்றர் வரையே தரும். ஆகவே 3 குதிரைவலுவும் 100 லீற்றர் தாங்கியும் இல்லாமல் பெயின்ற் வேலைக்கு இறங்குவது புத்தியல்ல. "பிறகு எப்போதாவது பெயின்ற் வேலையும் செய்யலாம்" என்று எண்ணிப் பெரிய இயந்திரத்துக்குக் கடன்படுவதைவிட, இன்று கையில் இருக்கும் வேலைக்கு வாங்குவதே நல்லது. ஆறு மாதம் ஒரு கொப்பியில் வேலைகளை எழுதி வாருங்கள். எத்தனை பஞ்சர், எத்தனை ரயர் மாற்றம், எத்தனை பேர் பெயின்ற் கேட்டுத் திரும்பிப் போனார்கள் என்ற அந்தக் கணக்கே அடுத்த இயந்திரத்தைத் தீர்மானிக்கட்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு பெரும்பாலும் பம்ப் உள்ளே இழுக்கும் அளவே. வெளியே கிடைப்பது அதைவிடக் குறைவு. மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. உண்மையை அறிய ஒரு கைத்தொலைபேசியும் பெருக்கல் வகுத்தலும் போதும்.

இயந்திரத்தை ஓடவிடச் சொல்லுங்கள். அமுக்கமானியின் முள் 6 பாரைத் தொடும்போது நேரத்தைக் குறியுங்கள். 8 பாரைத் தொடும்போது மீண்டும் குறியுங்கள். தாங்கியின் லீற்றரை, ஏறிய 2 பாரால் பெருக்கி, எடுத்த நிமிடங்களால் வகுங்கள். 50 லீற்றர் தாங்கிக்கு ஒரு நிமிடம் எடுத்தால் 50 x 2 = 100, அதாவது நிமிடத்துக்கு 100 லீற்றர். இரண்டு நிமிடம் எடுத்தால் 50 லீற்றர்தான். எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட இந்தக் கணக்கு நம்பகமானது.

அங்கேயே இன்னும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். தாங்கி நிரம்பியதும் மோட்டர் தானாக நிற்கவேண்டும். நின்றவுடன் "உஸ்" என்று ஒரு சிறு காற்று வெளியேற வேண்டும். பம்பின் தலையில் தங்கிய அமுக்கம் இறங்கும் சத்தம் அது. அது இறங்காவிட்டால் அடுத்த முறை மோட்டர் பாரத்தோடு தொடங்கப் பாடுபட்டு, விரைவில் எரிந்துபோகும். பின்பு பத்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது.

பெல்ற்றா, நேரடியா, ஒயில் இல்லாததா?

மோட்டரும் பம்பும் நேரடியாகப் பொருத்தப்பட்ட வகை விலை குறைந்தது, தூக்கி நகர்த்த இலகுவானது. ஆனால் வேகமாகச் சுழல்வதால் சூடும் சத்தமும் அதிகம். விட்டுவிட்டுச் செய்யும் வேலைக்கு ஏற்றது. பெல்ற் வகை பாரமானது, விலையும் கூடியது. மெதுவாகச் சுழல்வதால் நெடுங்காலம் உழைக்கும். பெல்ற், பெயாரிங், வால்வ் தகடு என்று ஒவ்வொன்றாக மாற்றித் திருத்தலாம். நாள் முழுவதும் வேலை உள்ள கராஜுக்கு இதுவே பொருத்தம்.

ஒயில் இல்லாத வகைக்கு ஒயில் பார்க்கும் தொல்லை இல்லை. ஆனால் தேய்ந்தால் திருத்துவது கடினம். இவ்வகையில் "சைலன்ற்" என்று விற்கப்படும் சத்தம் குறைந்த இயந்திரங்களும் உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கும், சுவரோடு சுவராக அயல் வீடு உள்ள இடத்துக்கும் இது கவனிக்கத்தக்கது. எந்த வகையானாலும் சிறிய இயந்திரங்களைப் பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடமாவது ஓய விடவேண்டும். இடைவிடாது ஓடினால்தான் வேலை நடக்கிறது என்றால் இயந்திரம் அந்த வேலைக்குச் சிறியது என்பதே பொருள்.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று வாங்குமுன் கேளுங்கள். ஒரு வால்வ் தகட்டுக்காக ஒரு வாரம் கொழும்பைப் பார்த்துக் காத்திருந்தால் அந்த வாரம் அடுப்பு எரிவது எப்படி?

வயர் தாங்குமா?

2 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 2 கிலோவாற்று மின்சாரம் எடுக்கும். அதாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 2 அலகு. நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் அது 10 அம்பியர் அளவு. தொடங்கும் கணத்தில் மட்டும் இதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை அது இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் வட்டமுள் சொக்கற் இதற்கு ஒருபோதும் உதவாது. 3 குதிரைவலு மோட்டர் 13 அம்பியர் சொக்கற்றின் அளவையும் தாண்டிவிடும். பிரதான பலகையிலிருந்து தனி வயரும் தனி பிறேக்கரும் இழுக்கவேண்டும். அந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும். எர்த் கம்பியும் ட்ரிப் சுவிச்சும் இல்லாத வீட்டில், மழைக்காலத்தில் நனைந்த சீமெந்துத் தரையில் நின்று இயந்திரத்தைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

மின்மாற்றிக்குத் தொலைவான ஒழுங்கைகளில் மாலை வேளைகளில் மின்னழுத்தம் குறைவது நாம் அறிந்ததே. அப்போது மோட்டர் சுழலாமல் "ம்ம்" என்று முனகும். உடனே நிறுத்தாவிட்டால் சுருள் எரிந்துவிடும். நீண்ட மெல்லிய வயரில் இயந்திரத்தை இழுத்துச் சென்று ஓட்டினாலும் இதே நிலைதான். இயந்திரத்தைச் சொக்கற்றுக்கு அருகில் வைத்துக் காற்றுக் குழாயை நீளமாக வாங்குங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளில் மின்சாரம் தீவிலேயே பிறப்பிக்கப்படுகிறது. அங்குள்ள சகோதரிகள் வாங்குமுன் மின்சார அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுப் பாவனை, கைத்தொழில், பொதுத் தேவை என்று மின்கட்டணத்தில் பிரிவுகள் உள்ளன. தொழிலுக்கு எந்தப் பிரிவு என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. கொம்பிரசர் வந்தாலும் காற்பம்பை விற்றுவிடாதீர்கள்.

கடன் கணக்கு

வடக்கில் நுண்கடன் எத்தனை வீடுகளை நிலைகுலைத்தது என்பதை நாம் கண்டோம். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 60,000 ரூபா கடன், மாதம் 2 வீத வட்டி, 12 மாதம். வட்டி முழுத் தொகைக்கும் இறுதிவரை கணக்கிடப்பட்டால் 14,400 ரூபா வட்டி. மாதத் தவணை 6,200. "வருடம் 24 வீதம்தானே" என்பார்கள். ஆனால் நாம் மாதந்தோறும் முதலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். கடைசி மாதங்களில் எம்மிடம் மிஞ்சியிருப்பது சில ஆயிரமே. எனினும் வட்டி 60,000 ரூபாவுக்கே அறவிடப்படுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டும். எனவே, "வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா?" என்று கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மாதம் 25 வேலை நாட்கள் என்றால் 6,200 ரூபா தவணைக்கு நாளொன்றுக்கு 248 ரூபா ஒதுக்கவேண்டும். மின்சாரம், ஒட்டுச் சாமான், வீட்டுச் செலவு எல்லாம் இதற்கு மேலே. உங்கள் கொப்பியில் உள்ள நாள் வருமானம் இதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் சிறிய இயந்திரமே சரியான இயந்திரம். ஊரின் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் முதலில் விசாரித்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போவது நல்லது. அடகு வைப்பதானால் மீட்கும் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பழைய இயந்திரம் வாங்கலாமா?

மோட்டரும் பம்பும் பழையதானால் திருத்தலாம். தாங்கி பழையதானால் அது வேறு விடயம். தாங்கி உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. வெளியே புதுப் பெயின்ற் பளபளக்கும், அடித்தகடு உள்ளே மெலிந்திருக்கும். அடியில் உள்ள நீர்த் திருகைத் திறந்து பாருங்கள். செந்நிறச் சேறாக வந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள். ஒட்டுவேலை செய்த தாங்கியை இலவசமாகத் தந்தாலும் வாங்கவேண்டாம். தாங்கியின் உறுதியைத் தண்ணீர் நிரப்பி அமுக்கித்தான் சோதிப்பார்கள். காற்றால் சோதிப்பதில்லை. தண்ணீர்த் தாங்கி வெடித்தால் பெரும்பாலும் நீர்தான் பீறும். காற்றுத் தாங்கி வெடித்தால் தகடு பறக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் மோட்டரையும் பழைய சிலிண்டரையும் பொருத்திக் கொம்பிரசர் செய்வோரும் உண்டு. இல்லாமையில் பழகிய கைத்திறனை நாம் மதிக்கிறோம். ஆனால் தானாக நிறுத்தும் சுவிச்சும் பாதுகாப்பு வால்வும் இல்லாத தாங்கியை, பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் வைக்க எந்தத் தாயும் உடன்படக்கூடாது.

வீட்டில் இருக்கும்போது

எமது காற்றில் ஈரம் அதிகம். காற்றை அமுக்கும்போது அந்த ஈரம் நீராகிறது. நிமிடத்துக்கு 100 லீற்றர் தரும் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் 100 மில்லிலீற்றர் அளவு, ஒரு சிறிய தேநீர்க் குவளை நீர், பிரியக்கூடும். பருத்தித்துறை, குருநகர் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றும் சேர்ந்து வெளியிலிருந்தும் துருப்பிடிக்கும். மாலையில் வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்றுவது அரை நிமிட வேலை. விளக்கேற்றுவதுபோல் அதையும் நாளாந்தக் கடமையாக்குங்கள். மாதம் ஒருமுறை பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். காற்றுச் சீறவேண்டும். சீறாவிட்டால் உடனே மாற்றவேண்டும். நிற்கும் அளவைக் கூட்டுவதற்காகச் சுவிச்சின் திருகை முறுக்க யாரையும் விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் காற்றுக் குழாய் விளையாட்டுப் பொருளல்ல. உடலுக்குள் காற்றைச் செலுத்தி விளையாடியதால் இந்தியாவில் இளைஞரும் சிறுவரும் உயிரிழந்திருக்கிறார்கள். உடுப்பில் உள்ள தூசியைக் காற்றால் தட்டுவதும் கூடாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி துப்புரவு வேலைக்கே 30 இறாத்தலுக்கு மேற்பட்ட காற்றைத் தடைசெய்கிறது. பிறேக் டிறம்மின் தூசியை ஊதவேண்டாம். பழைய பிறேக் சூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். முச்சக்கர வண்டியின் சில்லு இரண்டு பாதியாகச் சேர்த்து நட்டால் இறுக்கப்பட்டது. காற்று முழுவதையும் இறக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் றிம் முகத்தில் பாயும். பெயின்ற் அடிப்பதானால் அடுப்படியிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் செய்யவேண்டும். தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது.

சகோதரிகளே, கொம்பிரசர் வாங்கக் கடைக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். வேலை எழுதிய கொப்பி, வீட்டு வயரைப் பார்த்த மின்னியலாளர் சொன்ன அம்பியர் அளவு, மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்ற தொகை ஆகிய மூன்றையும் கையில் கொண்டு போங்கள். இவை மூன்றுக்கும் பொருந்தும் இயந்திரத்தை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் கணவரைப் பார்த்துப் பேசினாலும், 6 பாரிலிருந்து 8 பாருக்கு முள் ஏறும் நேரத்தை நீங்களே பாருங்கள்.